சாச்சியின் அறைக்கு வந்த கடல்

தலைகீழாக நிற்பதில் சாய்ந்தமருதுக் கடற்கரையில் என்னை வெல்ல ஆளில்லை என்றொரு காலம் இருந்தது. வகுப்பிலும் அப்படித்தான். சோதனை முடிவைக் கீழேயிருந்து வாசித்தால் நான்தான் முதலாவது. எட்டாம் வகுப்பில் பாடசாலையும் நானும் சண்டை சச்சரவில்லாமல் பிரிந்துகொண்டோம். இப்போது ஆட்டோ ஓட்டுகிறேன். படித்ததெல்லாம் மறந்துவிட்டது. மறப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவுமில்லை. தலைகீழாக நிற்பது மட்டும் மறக்கவில்லை. இப்போது நின்றால் வயிறு இறங்கிவந்து முகத்தை மூடுகிறது, அது வேறு விஷயம். அந்தக் கலையை எனக்குக் கற்றுத் தந்தது ஒரு பழுதான புரொஜெக்டர்.

அதைக் கொண்டுவந்தவர் மாமா, உம்மாவின் தம்பி. கல்முனை பஸாரில் போன் திருத்தும் கடை வைத்திருந்தார். கடை என்றால், மாமா உள்ளே இருக்கும்போது போன் வெளியே இருக்க வேண்டும். அவ்வளவுதான் இடம். எந்தச் சாமானையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிவிடுவார். திரும்பப் பூட்டி முடித்தால் இரண்டு ஆணி மிஞ்சும். கேட்டால், “மிஞ்சினா நல்லம்தானே, பாரம் குறைஞ்சிரிக்கி” என்பார்.

உலகக் கிண்ணக் கிரிக்கெட் நடந்த ஒரு வருடத்தில், கொழும்பில் பழைய சாமான் விற்கிற ஒரு தெருவிலிருந்து அந்தப் பெட்டியைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். சுவர் முழுக்க மேட்ச் காட்டப்போவதாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். மஃரிபு தொழுகை முடிந்ததும் சனம் பாயோடும் கதிரையோடும் வந்து சேர்ந்தது. மாமா பிஸ்மி சொல்லி சுவிட்சைப் போட்டார். சுவரில் ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம் விழுந்தது. அந்த ஊதாவுக்குள் எறும்பு மாதிரி ஏதோ ஊர்ந்தது.

“காக்கா, இதில பந்து எது?” என்று ஒருவர் கேட்டார். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவது.

“பொறுங்க, சூடாகினாத்தான் துலங்கும்.”

சூடாகியது. ரப்பர் கருகுகிற மணம் வந்தது. பிறகு அந்த ஊதாவும் போய்விட்டது. அன்றிலிருந்து ஊரில் மாமாவின் பெயர் ‘ஊதாக் காக்கா’. மேட்ச் நடக்கிற நாளெல்லாம் யாராவது கடைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, “ஊதாவுக்கு எத்தின விக்கெட் போச்சு காக்கா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்பது மாமாவுக்கு இன்றுவரை தெரியாது.

அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் சாச்சியின் புருஷன், எங்கள் சாச்சா, மௌத்தானார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து சேருவார். அதனால் உம்மாவும், உம்மாவுக்கு மூத்த ராத்தாவான பெரியும்மாவும், உம்மாவின் தங்கையான சாச்சியும் கடற்கரைப் பக்கம் ஒரே வளவில்தான் மூன்று வீடுகளில் இருந்தார்கள். மாமாவும் அப்போது கலியாணம் முடிக்காமல் எங்களோடு இருந்தார். சாச்சிக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையைப் போக்க மூன்று வேளையும் சாப்பாட்டு நேரத்துக்கு நான் அங்கே ஆஜராகிவிடுவேன். சாச்சா சொந்தத் தோணி வைத்துக் கடலுக்குப் போகிறவர். ஒரு நாள் காலையில் திரும்பிவந்து, தோணியை மற்றவர்களோடு சேர்ந்து மணலுக்கு இழுத்துவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று அதன் நிழலில் உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை.

ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்த அவருடைய கூட்டாளிகள் அந்த நீலத் தோணியைக் கவிழ்த்து வைத்தார்கள். கடலுக்குப் போக ஆளில்லாத தோணியை அப்படித்தான் வைப்பது. மழைத்தண்ணீர் தேங்காது, பொடியன்களும் உள்ளே ஏறி ஆடமாட்டார்கள். பொடியன்கள் என்றால் முக்கியமாக நான்.

சாச்சி இத்தா இருந்தார். புருஷன் மௌத்தானால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் இருக்கிற காவல் அது. வெள்ளை உடுப்பு, வாசல் தாண்டுவதில்லை, வேற்று ஆண்களின் கண்ணில் படுவதில்லை. பெரியும்மா பொறுப்பெடுத்தார். பெரியும்மா பொறுப்பெடுத்தால் காற்றுகூடக் கேட்டுத்தான் உள்ளே வரும். சாச்சியின் அறையில் கடலைப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. பிரிட்ஜ் வந்த காட்போட் மட்டையை வெட்டி, வெளிச்சம் ஊசி அளவும் வராமல் அதை அடைத்துவிட்டார். அந்த அறைக்குள் பெண்கள் போகலாம். கூடப் பிறந்தவர் என்பதால் மாமா போகலாம். ஒன்பது வயதான நானும் போகலாம், ஆம்பிளைக் கணக்கில் என்னைச் சேர்க்கவில்லை. இன்றும் எங்கள் வீட்டில் முக்கியமான கதை நடக்கும்போது சேர்ப்பதில்லை.

சாச்சி சாப்பிடுவதை விட்டுவிட்டார். அழுதிருந்தால்கூட உம்மா பயந்திருக்க மாட்டார். சாச்சி முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூடிய ஜன்னலுக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். சோறு வைத்த பீங்கான் வைத்தபடி திரும்பி வரும். ஒருநாள் குசினி அடுப்படியில் உம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கஞ்சித்தண்ணியும் இறங்குதில்லடா. இவள் இத்தா முடியிற மட்டும் இரிக்க மாட்டாள் போலத் தெரியிது. நீ போய்க் கொஞ்சம் கதையன்டா, உன்ட சொல்லக் கேப்பாள்.”

“எனக்கு என்னத்தக் கதைக்கத் தெரியும் ராத்தா? கழட்டத்தான் தெரியும்.”

“அப்ப போய் அங்க இருந்து எதையாச்சும் கழட்டு.”

அப்படித்தான் அந்தப் பெட்டி சாச்சியின் அறைக்குள் போனது. மாமா கடையை மத்தியானத்தோடு பூட்டிவிட்டு வந்து, ஒரு சின்ன மின்விளக்கைக் கொளுத்திக்கொண்டு, பாயில் உட்கார்ந்து புரொஜெக்டரைக் கழற்றத் தொடங்கினார். எரிந்த பலகை, செத்த விளக்கு, காற்றாடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சாச்சி அதையும் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. கடைசியில் முன்னால் இருந்த லென்ஸ் குழாயையும் திருகிப் பிரித்தார். உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும் என்று நினைத்தேன். வெங்காயம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வட்டக் கண்ணாடிகள் வந்தன. அவற்றைத் தேத்தண்ணித் தட்டில் அடுக்கி வைத்து, விளக்கையும் அணைத்துவிட்டு மாமா கண்ணை மூடி யோசித்தார். அவர் யோசித்தால் குறட்டை வரும்.

எனக்கு வெளியில் கூட்டாளிகள் பந்தடிக்கிற சத்தம் கேட்டது. உடம்பு அரித்தது. துணைக்கு இரு என்று உம்மா சொன்னால் இருக்கத்தான் வேண்டும். ஆனால் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லையே. மாமாவின் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஜன்னல் மட்டையில் குத்தித் திருகி, இரண்டு விரல் போகிற மாதிரி ஒரு ஓட்டை போட்டேன். கண்ணை வைத்துப் பார்த்தேன், பந்தடிப்பவர்கள் தூரத்தில் தெரிந்தார்கள். கண்ணாடி வைத்தால் பெரிதாகத் தெரியுமே என்று என் மூளை சொன்னது. அந்த மூளை எனக்குச் சொன்ன ஒரே உருப்படியான விஷயம் அது. தட்டிலிருந்து ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்து ஓட்டையில் பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கலங்கியிருந்தது. முகத்தை விலக்கினேன்.

“மனே.”

சாச்சியின் குரல். எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட குரல். ஓட்டை போட்டதற்கு அடிதான் விழப்போகிறது என்று பயந்து திரும்பினேன்.

“மனே, இது என்ன?”

சாச்சி என்னைப் பார்க்கவில்லை. தன் முழங்காலுக்கு மேல் இழுத்து மூடியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துணியில் தண்ணீர் அசைந்தது. பச்சையும் நீலமுமாக, வெள்ளை நுரையோடு, ஒரு சாண் அகலத்துக்குக் கடல் சாச்சியின் முழங்காலில் வந்து மோதிக்கொண்டிருந்தது. மோதி உடைந்தது, பிறகு அடுத்தது வந்தது. வெளியில் அலையின் சத்தம் எப்போது கேட்டதோ அப்போதே துணியிலும் அலை உடைந்தது.

நான் கண்ணாடியைக் கொஞ்சம் அசைத்தேன். கடலும் அசைந்தது.

“மாமா! மாமா, எழும்புங்க, சாச்சிர உடுப்பில கடல் வந்திட்டு!”

மாமா எழும்பினார். பார்த்தார். வாய் திறந்தபடி நின்றது. செத்த பெட்டியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். வயர் பாயில் பாம்புச் சட்டை மாதிரி சும்மா கிடந்தது. பிறகு மெல்லக் குனிந்து துணிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

“ஊதா இல்லடா,” என்றார். “பாருடா மனே, ஊதா இல்ல! சரியான கலர்!”

“கரண்ட் எங்கால வருது மாமா?”

“கரண்டா? வெயில்தான்டா கரண்ட்.”

அதற்குப் பிறகு இரண்டு மூன்று பின்னேரம் மாமா தூங்காமல் யோசித்தார். தட்டிலிருந்த ஒவ்வொரு கண்ணாடியாக ஓட்டையில் வைத்துப் பார்த்தார். சிலது உள்ளங்கை அளவுக்கே காட்டியது, சிலது ஒன்றும் காட்டவில்லை. நான் முதலில் எடுத்ததுதான் சரியான கண்ணாடி. இதை நான் இன்றும் வீட்டில் அடிக்கடி சொல்வேன், யாரும் கேட்பதில்லை. புரொஜெக்டரின் முகத்தை இரும்பறுக்கிற வாளால் அறுத்தெடுத்து, அதன் வளையத்துக்குள் கண்ணாடியைப் பொருத்தி, ஜன்னல் மட்டையில் பூட்டினார். கண்ணாடியை மூடப் பெட்டியிலேயே சின்ன மூடியும் இருந்தது. படம் விழுவதற்கு ஒரு துணி வேண்டும். உம்மா கொடுத்த படுக்கை விரிப்பில் பெரிய ரோசாப்பூக்கள். அலைக்கு நடுவில் ரோசாப்பூ பூத்து நின்றதைப் பார்த்து மாமா தலையில் கைவைத்தார்.

சாச்சி எழும்பினார். அலுமாரியைத் திறந்து, தன் வெள்ளை உடுப்புத் துணிகளில் மடிப்புக் கலையாத ஒன்றை எடுத்து, அன்று தன் முழங்கால் இருந்த இடத்தில் கயிறு கட்டித் தானே தொங்கவிட்டார். உம்மா வாசற்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

காலையில் படம் நன்றாக வராது, வெயில் கடல் பக்கமிருந்து கண்ணைக் குத்தும். பின்னேரம், அஸர் தொழுகை நேரம், வெயில் வீட்டுக்குப் பின்னால் போய்க் கடற்கரை முழுக்கப் பளிச்சென்று விழும்போதுதான் துணி உயிர் பெறும். எல்லாம் தலைகீழ். மணல் மேலே, வானம் கீழே. தென்னை மரங்கள் வௌவால் மாதிரித் தொங்கும். ஆட்கள் முகட்டில் போகிற பல்லி மாதிரி நடப்பார்கள். காகம் முதுகைக் கீழே போட்டுக்கொண்டு பறக்கும். நடுவில் சாச்சாவின் நீலத் தோணி, ஒரு விரல் நீளத்துக்கு. வாழ்நாள் முழுக்க அந்தக் கடலுக்குப் பக்கத்தில் கிடந்தவன் நான், அதன் உப்புத் தண்ணீரை எத்தனை தரம் மூக்கால் குடித்திருப்பேன். ஒருநாளும் அதைப் பார்த்ததாக ஞாபகமில்லை. அந்த இருட்டறையில், அந்தத் துணியில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். மூச்சு விட்டால் அழிந்துவிடுமோ என்று பயந்தேன்.

மாமா என் காதைப் பிடித்தார். “வெளியில யாருக்கும் மூச்சு விடப்படாது. பெரியும்மாக்குத் தெரிஞ்சா மட்டைக்கு மேல மட்டை அடிப்பா. விளங்கிச்சா?”

விளங்கியது. ஏனென்றால் அன்று பின்னேரம் உம்மா ஒரு பீங்கானில் சோறும் மீன் ஆணமும் கொண்டுவந்து சாச்சியின் மடியில் வைத்தார். சாச்சி துணியைப் பார்த்தபடியே பிசைந்து இரண்டு வாய் வைத்தார். மறுநாள் பாதி. கண் படத்தில் இருக்கும், கை சோற்றில் இருக்கும். படம் மூடினால் பீங்கான் திரும்பிவிடும் என்பது எனக்குக்கூடத் தெரிந்தது.

சாப்பிட்டார், ஆனால் சிரிக்கவில்லை. சிரிக்க வைப்பது என் வேலை என்று நானே நியமனம் எடுத்துக்கொண்டேன். ஒரு பின்னேரம் வீட்டுக்கும் தோணிக்கும் நடுவில், லென்ஸுக்கு நேரே மணலில் போய் நின்று ஆடிக் காட்டினேன். ஓடிவந்து கேட்டேன்: “சாச்சி, கண்டீங்களா?”

“ஓம் மனே. தலைகீழா ஆடினாய்.”

தலைகீழாகவா? நான் யோசித்தேன். யோசித்துப் பழக்கமில்லாததால் தலை வலித்தது. எல்லாரும் தலைகீழாகத் தெரிகிற இடத்தில் ஒருவன் தலைகீழாக நின்றால்? என் ஒரே கணக்கு அது, விடை சரியாக வந்த கணக்கும் அது ஒன்றுதான். இரண்டு நாள் மணலில் விழுந்து எழும்பி, வாயெல்லாம் மண்ணாகி, ஒருவழியாகக் கையை ஊன்றிக் காலை வானத்துக்குத் தூக்கி நின்றேன். இடுப்பில் கட்டியிருந்த சறம் சரிந்து முகத்தில் விழுந்தது. உள்ளே காற்சட்டை போட்டிருந்ததற்கு அல்லாஹ்வுக்குப் புகழ்.

அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். சாச்சி சிரித்தார். ஓடிப் போனேன். கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் மாமாவும்.

“எல்லாம் கவுண்டு கிடக்கிற ஊரில இவன் ஒருத்தன்தான் நேரா நிக்கான், பாத்தியா தங்கச்சி,” என்றார் மாமா. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ்.

சாச்சி என் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். “நல்லா இரிந்திச்சு மனே. நாளைக்குக் கொஞ்சம் அங்கால தள்ளி நில்லு.”

தள்ளி நின்றேன். சாச்சிக்குப் படம் பிடிக்கிற டைரக்டர் மாதிரி ஒரு கண் இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆட்டம் சூடு பிடித்தால் மறுபடி நடுவுக்கு வந்துவிடுவேன். நல்ல நடிகன் நடுவில் நிற்பதுதானே முறை. அன்றைக்கும் சாச்சி அதையே சொல்வார்: “கொஞ்சம் தள்ளி நில்லு மனே.”

ஆனால் கடற்கரையில் கண்கள் உண்டு. கருவாடு காயவைக்கிற பக்கத்து வீட்டுக்காரி வாப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டார். “மௌத்து நடந்த வீட்டு மூடின ஜன்னலப் பாத்துக்கிட்டு, அஸருக்குப் பிறகு, உங்கட பொடியன் தலைகீழா நிக்கான், நிண்டுக்கிட்டுச் சிரிக்கான்.” வாப்பா என் கையைப் பிடித்து, பேய் பிசாசுக்கு ஓதிப் பார்க்கிற லெப்பையிடம் நேரே கூட்டிப் போனார்.

லெப்பை என் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார்.

“என்னத்துக்கு மனே தலைகீழா நிக்காய்?”

“சும்மா.”

“யாரப் பாத்துச் சிரிக்காய்?”

உண்மையைச் சொன்னால் பெரியும்மாவுக்குப் போகும், மட்டைக்கு மேல் மட்டை வரும், பீங்கான் திரும்பும். “சும்மா,” என்றேன்.

லெப்பை வாப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “பொடியன் கதைக்கல்ல. உள்ள இருக்கிறவர்தான் கதைக்கார்.”

தண்ணீர் ஓதிக் குடிக்கத் தந்தார். கழுத்தில் கறுப்பு நூல் கட்டினார். என்னை விட்டுப் போகும்படி ஜின்னுக்குச் சொன்னார். எனக்குள் அப்படியொருவர் இருந்திருந்தால், இவ்வளவு குறைந்த மூளையுள்ள வீட்டில் குடியிருக்க முடியாது என்று எப்போதோ போயிருப்பார். இருந்தாலும் ஒரு மரியாதைக்குக் கொஞ்சம் உடம்பை உலுக்கிக் காட்டினேன். வாப்பா அழுதுவிட்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தலைகீழாக நிற்கத் தடை வந்தது. மறுநாள் அஸருக்கு நானும் அறைக்குள் துணியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சாச்சியின் மடியில் பீங்கான், பக்கத்தில் உம்மா, மூலையில் மாமா. கதவு திறந்தது. ஜின்னை வீட்டிலிருந்தும் விரட்டுவதற்காகப் பெரியும்மா சாம்பிராணித் தட்டோடு வந்து நின்றார்.

பெரியும்மா துணியைப் பார்த்தார், ஜன்னலில் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அதற்குள் சாம்பிராணிப் புகை முன்னால் போய்விட்டது. இருட்டில் இவ்வளவு நாளும் எங்களுக்கே தெரியாமலிருந்த ஒன்று தெரிந்தது. ஜன்னல் ஓட்டையிலிருந்து துணிவரைக்கும் வெளிச்சம் ஒரு பாதையாக நீண்டு கிடந்தது. புகை அதற்குள் புகுந்ததும் நீலமும் பச்சையும் மணல் நிறமுமாகச் சுருண்டு சுருண்டு ஓடியது. கடல் காற்றில் நடந்து வந்து துணியில் ஏறுகிற மாதிரி இருந்தது. பெரியும்மாவின் தட்டுப் பிடித்த கையிலும் ஒரு துண்டுக் கடல் விழுந்தது. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சுப்ஹானல்லாஹ்,” என்றார் மெதுவாக. பிறகு தன்னை ஞாபகப்படுத்திக்கொண்டு மாமாவிடம் திரும்பினார். “இத்தாவில இரிக்கிற பொம்புளைக்கு ஆம்பிளையள் நடமாடுற இடத்தக் காட்டுறாயாடா?”

“ஒரு வெரல் உயரத்தில தலைகீழா வாறவன ஆம்பிளையெண்டு எந்த மார்க்கக் கிதாபில இரிக்கி ராத்தா?”

“கிதாபு உன்னட்ட வந்து கேட்டிச்சா? வாயப் பொத்து.”

பெரியும்மா கண்ணாடியை நோக்கி நடந்தார். போகிற வழியில் சாச்சியின் மடி. மடியில் பீங்கான். அதில் மீன் முள்ளைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. பெரியும்மா நின்றார். அந்தப் பீங்கானைக் கடலைப் பார்த்ததைவிடக் கூடுதல் நேரம் பார்த்தார். குனிந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“கரைவலை இழுக்க ஆக்கள் வாற நேரம் மூடியப் போடு,” என்றார். “கடல் அல்லாஹ்ட. அதப் பாக்கலாம்.” வாசலில் திரும்பி என்னைப் பார்த்தார். “இந்த ஜின்னயும் வெளியில விடுங்க. வாப்பாக்கு நான் சொல்றன்.”

நான் மறுபடி என் தொழிலுக்குத் திரும்பினேன்.

இத்தா முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், சாச்சாவின் கூட்டாளிகள் தோணி விஷயமாக வாப்பாவிடம் வந்து கதைத்தார்கள். சும்மா கிடந்து வெயிலில் பாழாகிறது, பெரியநீலாவணையில் ஒரு நல்ல மனிதர் கேட்கிறார் என்றார்கள். வாப்பா வந்து கதவுச் சீலைக்கு வெளியே நின்று கேட்டார். உள்ளே சாச்சி துணியிலிருந்த தோணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஓம், குடுங்க,” என்றார்.

அவர்கள் ஒரு பின்னேரம் வந்தார்கள். நான் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தேன். மாமாவும் அன்று மூடியைப் போடவில்லை. ஆட்கள் தோணியைச் சுற்றி நிற்பதைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தோணி கடலுக்குப் போகப்போகிறது! இவ்வளவு நாள் மரக்கட்டை மாதிரிக் கிடந்த தோணி! இதைத் துணியில் பார்க்காமல் விடுவதா? எழும்பி ஓடிப்போய் அறைக்குள் விழுந்தேன்.

“சாச்சி, பாருங்க, தோணி போகுது!”

சாச்சி துணிக்கு மிகக் கிட்ட நின்றார். வெளியில் ஆட்கள் ஒரு குரலாகச் சத்தம் போட்டுத் தோணியை நிமிர்த்தினார்கள். துணியில் அந்தச் சின்ன நீலத் தோணி மெல்லச் சரிந்து, ஒரு தரம் தள்ளாடி, கவிழ்ந்தது. கவிழ்ந்தபடியே மணலிலிருந்து கீழே இறங்கி, நுரையைத் தாண்டி, தண்ணீருக்குள் போய்ச் சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியானது. நான் கைதட்டினேன். சாச்சி விரலை நீட்டி அந்தப் புள்ளியைத் தொட்டார். விரலின் மேல் அலை போனது.

“கண்ணாடியக் கழட்டு மனே,” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. படத்தின் உச்சக் கட்டத்தில் யாராவது கொட்டகையை மூடுவார்களா? “நாளைக்கு நான் கையால நடந்து காட்டுவன் சாச்சி. இன்னும் பழகிக்கிட்டு இரிக்கன்.”

சாச்சி கயிற்றிலிருந்து துணியை இறக்கி மடித்தார். “வீட்டுக்குள்ள நடந்து காட்டு. நான் உன்ன நேராவே பாக்கிறன்.”

நடந்து காட்டினேன். தண்ணீர் வைத்திருந்த மண்கூசா ஒன்று உடைந்தது. அன்று பீங்கானைச் சாச்சியே எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்க் கழுவினார். உம்மா அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, வெங்காயம் உரிக்காமலே அழுதார். மாமா அறுத்த பெட்டியை வீட்டுக்குப் பின்னால் போட்டார். எங்கள் பேட்டுக்கோழி அதற்குள் முட்டையிட்டு அடைகாத்தது. அந்தப் பெட்டி உருப்படியாக எதையாவது வெளியே காட்டியது என்றால் இரண்டு தடவைதான் என்று மாமா சொல்வார், ஒன்று கடல், மற்றது குஞ்சு.

சாச்சி அந்தக் கண்ணாடியை அதன்பின் கேட்கவேயில்லை. என் ஆட்டம் அலுத்துவிட்டது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

போன மாரிக்கு, மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், என் மகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். வாப்பாவுக்கு என்ன தெரியும் என்று அவள் கேட்டாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருந்தது. ஆட்டோச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, மணலில் கையை ஊன்றிக் காலைத் தூக்கினேன். வயிறு இறங்கி வந்தது. அதை ஒருவாறு தாண்டிப் பார்த்தேன். மணல் மேலே, வானம் கீழே, தென்னை எல்லாம் தொங்குகிறது. சாச்சாவின் தோணி மாதிரி மழைக்காகக் கவிழ்த்து வைத்திருந்த தோணிகள் மட்டும் வரிசையாக நிமிர்ந்து, ஆளேறினால் போதும் இப்போதே புறப்படுவோம் என்பது போல் காத்திருந்தன.

“வாப்பா, விழப்போறீங்க,” என்றாள் மகள்.

விழவில்லை. ஆனால் இறங்கவும் முடியவில்லை. கொஞ்சம் தள்ளி நில்லு மனே, கொஞ்சம் தள்ளி நில்லு. அந்தத் துணியில் நேராக நின்றது நான் ஒருவன்தான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.